புள்ளி மூன்று மில்லிமீட்டர்

மூன்றாவது ராத்திரியாக
பஸ் கிளம்பவில்லை.

ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டி,
ஜன்னல் கம்பி நாற்பதும் நட்டு,
பெரியார் நிலையம் – திருப்பரங்குன்றம் என்று
பலகை வரைக்கும் எழுதியாயிற்று.
முகப்புக்கு மட்டும் இளஞ்சிவப்பு பாக்கி.
தூரிகையால் அடித்தால் கோடு விழும்.
அதற்காகத்தான் இந்த ஏர்பிரஷ்,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு,
அமலியிடம் ஆயிரத்து இருநூறு என்று சொல்லி.

விசையை அழுத்தினேன்.
காற்று வந்தது.
காற்று மட்டும் வந்தது.
விசையைப் பின்னால் இழுத்தேன்.
வெற்றிலை போட்ட எவனோ
ஓடுகிற பஸ் மேல் துப்பியதைப் போல
முகப்புக் கண்ணாடியில் ஒரே துப்பு.

அழுத்தம் கூட்டினேன்.
கிண்ணத்தில் குமிழ் கிளம்பி உலை கொதித்தது.
தின்னர் கூட்டினேன்.
வண்ணம் எட்டுக்கால் முளைத்துக் கூரையில் ஓடியது.
தின்னரைக் குறைத்தேன்.
மறுபடி வெறும் காற்று.
வில்லாபுரம், மொட்டைமாடி அறை, சித்திரை மாசம்.
ஊசிமுனைக்கு வந்து சேருமுன்பே
வண்ணம் காய்ந்துபோகிறது.
கையேட்டில் ஒரு படம், படத்தில் ஓர் அம்பு,
அம்பு காட்டுமிடத்தில் ஒன்றுமே இல்லை.
கீழ்வீட்டு மும்தாஜ் குரல் கொடுத்தாள்:
"இந்நேரத்துல என்னங்க மிக்ஸி?"

பகலில் நான்
டவுன்ஹால் ரோட்டுக் கண்ணாடிக் கடையில்
எள்ளளவு திருகாணி மாட்டுகிறவன்.
ஆயிரம் மூக்குக்கு ஆயிரம் ஃபிரேம் வளைத்தும்
கை நடுங்கியதில்லை.
அதே கைதான்
ஊசியை உருவாமலே முனையைத் திருகிக் கழற்றி,
குண்டூசியால் குத்திப் பார்த்து,
பிறகு எல்லாவற்றையும் சுவரில் எறிந்தது.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
நாற்பத்தொரு வயது.

ஊசிமுனை தூண்டில் மாதிரி வளைந்திருந்தது.
பார்த்தால் தெரியாது,
நகத்தில் இழுத்தால் கீறும்.

அமலி கதவோரம் நின்றாள்.
"அடைச்சிருக்கிறது அதுக்கு.
நீ எதுக்கு இப்படி மூச்சு வாங்குற?"
"ஆயிரத்து எண்ணூறு" என்றேன்.
"பெட்டியிலயே போட்டிருக்கே" என்றாள்.

காலையில்
நெல் உமி அளவு நாசிலை
ரசீதில் மடித்துச் சட்டைப்பையில் வைத்து
கடைக்கு எடுத்துப்போனேன்.
பதினோரு மணிவாக்கில் டிபன் பையோடு ஒரு பெண்
கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள்.
"மங்கலா தெரியுது சார். பவர் ஏறிருச்சோ?"
பவர் இல்லை. பவுடர், எண்ணெய்,
ஆறு மாத வியர்வை.
அல்ட்ராசோனிக் தொட்டியில்
அவள் கண்ணாடியை இறக்கினேன்.
முதலாளி போனில் இருந்தார்.
டீ வடிகட்டியில் போட்டு
நாசிலையும் இறக்கினேன்.

தொட்டி ரீங்கரித்தது.
ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை.
பிறகு அந்த உமியின் வாயிலிருந்து
இளஞ்சிவப்பாய் ஒரு நூல்,
முடியைவிட மெலிசு,
அவசரமே இல்லாமல் இறங்கி
சுருண்டு
கலைந்தது.

மூன்று ராத்திரி நான் கெஞ்சிய கோடு.
தண்ணீருக்குப் போட்டுக் காட்டியது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்
எதிர்க்கடைப் பலகையில்
பொடி எழுத்து வரை வாசித்தாள்.
"எவ்வளவு சார்?"
"ஒண்ணும் வேண்டாம்மா."

ராத்திரி,
பழைய லென்ஸ் ஒன்றின் மேல்
ஊசியை உருட்டி உருட்டி நிமிர்த்தினேன்.
முழுசாக நிமிரவில்லை.
வண்ணத்தைத் தொடவில்லை.
கிண்ணத்தில் தண்ணீர், தரையில் பழைய பேப்பர்.
மணமகள் தேவை பத்தியைக் குறுக்கே வெட்டி
ஓர் ஈரக்கோடு போனது, கோணலாக.
முடிக்குமுன்பே அதன் தலை காய்ந்தது.
இன்னொன்று போட்டேன்.
இன்னொன்று.
மும்தாஜ் இன்றைக்குக் கேட்கவில்லை.

துப்பல் விழுந்த முகப்பை
சுரண்டி எடுக்கத் தாள் தேடினேன்.
அமலி பஸ்ஸைக் கையில் தூக்கி
விளக்கில் திருப்பிப் பார்த்தாள்.
"இதை மட்டும் விட்ருங்க" என்றாள்,
"நிஜ பஸ் மாதிரியே இருக்கு."